கூண்டு துறைமுகத்தில்... மீனவர் நடுக்கடலில்!

ஐப்பசி பிறந்துவிட்டால் நம் செய்தித்தாள்களில் தவறாமல் ஒரு வரி வந்துவிடும். ‘கடலூர், நாகை, பாம்பன் துறைமுகங்களில் ஒன்றாம் எண் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றப்பட்டது.’ படிக்கிறோம், பக்கத்தைப் புரட்டுகிறோம். அந்தக் கூண்டு யாருக்காக ஏறுகிறது என்று எவரும் கேட்பதில்லை.

கப்பல்காரர்களுக்காக. 1864-ல் ஒரு பெரும்புயல் கல்கத்தாவைச் சூறையாடியது. மறு ஆண்டே அந்தத் துறைமுகத்துக்கென்று புயல் எச்சரிக்கை ஏற்பாடு பிறந்தது. வெள்ளைக்காரர்களின் சரக்கு நங்கூரத்தில் நின்றபடியே மூழ்கிவிடக் கூடாதே என்ற கவலை. 1866-லும் 1871-லும் பருவமழை பொய்த்தது. பஞ்சமும் வந்தது, நிலவரிக் கணக்கும் உதைத்தது. 1875-ல் இந்திய வானிலைத் துறை தொடங்கப்பட்டது. கப்பலும் கஜானாவும் சேர்ந்து பெற்ற பிள்ளை அது என்று சொன்னால் அந்தத் துறையினர் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். தங்கள் வரலாற்றை அவர்களே அந்தப் புயலிலிருந்தும் மழைப் பொய்ப்பிலிருந்தும்தான் தொடங்குகிறார்கள்.

கூண்டுக்கு மொத்தம் 11 எண்கள். ஒன்றும் இரண்டும் தொலைவில் ஏதோ உருவாகிறது என்பதற்கு. மூன்றும் நான்கும் இந்தத் துறைமுகத்துக்கே காற்று வரலாம் என்பதற்கு. ஐந்திலிருந்து ஏழு வரை அபாயம்: புயல் துறைமுகத்துக்கு இடப்புறமாகப் போகுமா, வலப்புறமாகவா, நேர் மேலேயா என்று எண்ணைப் பார்த்தே சொல்லிவிடலாம். எட்டிலிருந்து பத்து வரை பெரும் அபாயம். பதினொன்று ஏறினால் வானிலை மையத்தோடு தகவல் தொடர்பே அறுந்துவிட்டது என்று பொருள். பகலில் கூண்டு, இரவில் சிவப்பும் வெள்ளையுமாக விளக்குகள். அழகான ஏற்பாடுதான். துறைமுகத்தில் நிற்பவரும் அருகே கடந்து போகிறவரும் பார்த்துக்கொள்ளலாம். கரையிலிருந்து நானூறு கடல் மைல் தள்ளிச் சுறாவுக்குத் தூண்டில் போட்டுக்கொண்டிருப்பவர் எதைப் பார்ப்பார்?

பூமியையும் வானத்தையும் அளக்கும் அறிவியலுக்கும் அரசாங்கக் கோப்புகளுக்கும் நடுவே எவ்வளவு தூரம் என்று அறிய அந்த நானூறு கடல் மைல் போதும்.

வானத்தில் நமக்கு இன்று பெரிய குறை ஒன்றும் இல்லை. பூமத்திய ரேகைக்கு மேலே 36,000 கிலோமீட்டர் உயரத்தில் இன்சாட்-3டிஆர் என்ற வானிலைத் துணைக்கோள் இருக்கிறது. 2024 பிப்ரவரியில் இன்சாட்-3டிஎஸ் அதற்குத் துணையாகப் போனது. அதன் செலவு முழுவதையும் புவி அறிவியல் அமைச்சகம் ஏற்றது. மேகக்கூட்டம் சுழல ஆரம்பித்தால் சில நிமிடங்களில் கணினித் திரைக்கு வந்துவிடும். 2022 நவம்பரில் ஏவப்பட்ட ஓசன்சாட்-3 இன்னும் நுட்பமான வேலை செய்கிறது. நுண்ணலையைக் கடல் மேல் பாய்ச்சி, அது எவ்வளவு திரும்பி வருகிறது என்று பார்க்கிறது. காற்று அடித்துக் கடல்பரப்பு சொரசொரப்பாகியிருந்தால் கூடுதலாகத் திரும்பும். அதிலிருந்து காற்றின் வேகத்தையும் திசையையும் கணக்கிடுகிறார்கள். மனிதர் எவரும் இல்லாத நடுக்கடலின் காற்றைக்கூட இன்று ஹைதராபாத்தில் உட்கார்ந்து சொல்ல முடியும். மனிதர்கள் இருக்கும் நடுக்கடலுக்கு அதைக் கொண்டுபோய்ச் சேர்ப்பதில்தான் திணறினோம்.

2017 நவம்பர் 30

ஒக்கி புயலைப் பற்றிப் பேசாமல் இந்தப் பேச்சை நகர்த்த முடியாது. நவம்பர் 29 அன்று இலங்கைக்குத் தென்கிழக்கே காற்றழுத்தத் தாழ்வு மண்டலமாக இருந்தது. 30-ஆம் தேதி அதிகாலை ஆழ்ந்த காற்றழுத்தத் தாழ்வு மண்டலம். அன்று காலையே குமரிக்கடலில் புயல். தாழ்வு மண்டலம் புயலாக மாற வங்கக்கடலில் பொதுவாக இதைவிடக் கூடுதல் நேரம் எடுக்கும்; எடுக்கும் நேரத்தில்தான் நிர்வாகம் விழித்துக்கொள்ளும். ஒக்கி அந்த அவகாசத்தைத் தரவில்லை. பூமத்திய ரேகைக்கு அவ்வளவு பக்கத்தில், குமரிமுனைக்குத் தெற்கே புயல் உருவாவது அரிது என்பதால் அனுபவமும் கைகொடுக்கவில்லை.

குமரி மாவட்டத்தில் வாழையும் ரப்பரும் மின்கம்பங்களும் சாய்ந்தன. ஆனால் பெருந்துயரம் கரையில் நடக்கவில்லை. தமிழ்நாடு, கேரளம் இரண்டிலும் சேர்த்து முந்நூறுக்கும் மேற்பட்ட மீனவர்கள் இறந்தார்கள் அல்லது திரும்பி வரவே இல்லை.

அவர்களை இரண்டு கூட்டமாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். பூந்துறை, விழிஞ்ஞம் பக்கத்திலிருந்து சிறு படகுகளில் 29-ஆம் தேதி மாலை கிளம்பியவர்கள் ஒரு கூட்டம். கரையில் யாராவது அழுத்தமாக ‘போகாதே’ என்று சொல்லியிருந்தால் நின்றிருப்பார்கள். இன்னொரு கூட்டம் நீரோடி, மார்த்தாண்டன்துறை, வள்ளவிளை, இரவிபுத்தன்துறை, சின்னத்துறை, தூத்தூர், பூத்துறை, இரையுமன்துறை என்று வரிசையாக நிற்கும் ஊர்களின் ஆழ்கடல்காரர்கள். விசைப்படகில் பத்துப் பன்னிரண்டு பேர், ஐஸ், டீசல், அரிசி. போனால் மாதக் கணக்கு. சுறாவையும் சூரையையும் தேடி லட்சத்தீவைத் தாண்டி அரபிக்கடலுக்குள் போகிறவர்கள். புயல் கருக்கொள்வதற்கு எத்தனையோ நாட்கள் முன்பே அவர்கள் கிளம்பிவிட்டிருந்தார்கள். ‘மீனவர்கள் கடலுக்குச் செல்ல வேண்டாம்’ என்ற அறிவிப்பு, ஏற்கெனவே போய்விட்டவருக்கு என்ன செய்யும்?

யார் எப்போது எச்சரித்தார்கள் என்று பிறகு பெரிய வழக்காடல் நடந்தது. 29-ஆம் தேதியே மீனவர்களுக்கு எச்சரிக்கை கொடுத்தோம் என்றது வானிலைத் துறை. புயல் என்ற அறிவிப்பு 30-ஆம் தேதி நண்பகலில்தான் எங்களுக்கு வந்தது என்றது கேரள அரசு. இரண்டுமே உண்மையாக இருக்க முடியும் என்பதுதான் இதில் வேதனை. காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் என்றால் ஒரு நடைமுறை, புயல் என்றால் வேறு நடைமுறை. இரண்டாவதற்குத்தான் மாவட்ட நிர்வாகம் முழுவதும் களத்தில் இறங்கும். காற்று மணிக்கு 62 கிலோமீட்டரைத் தொட்டால்தான் புயல். அந்தக் கோட்டை அது தொடுவதற்குள் படகுகள் போய்விட்டன.

இன்னொன்றும் இருக்கிறது. அதை அதிகம் பேர் கவனிக்கவில்லை. இந்தியாவின் புயல் எச்சரிக்கை நான்கு கட்டமாக வரும்: 72 மணி நேரத்துக்கு முன், 48 மணி நேரத்துக்கு முன், 24 மணி நேரத்துக்கு முன், 12 மணி நேரத்துக்கு முன். எதற்கு முன்? கரையோரத்தில் வானிலை மோசமாவதற்கு முன், புயல் கரையைக் கடப்பதற்கு முன். கடிகாரமே கரையை வைத்துத்தான் ஓடுகிறது. ஒக்கி தமிழ்நாட்டிலோ கேரளத்திலோ கரையைக் கடக்கவே இல்லை. குமரிக்குத் தெற்கே கடலோடு கடலாகப் போய், மினிக்காயை உரசி, கடைசியில் வலுவிழந்து குஜராத் பக்கம் ஒதுங்கியது. கரையில் இருப்பவர் உயிருக்காக எழுதப்பட்ட விதிமுறையில், கடலில் இருப்பவர் உயிருக்கு நேரம் குறிக்கப்படவில்லை. இதைக் கணினி மாதிரியின் தவறு என்று சொல்ல முடியாது. விதியை எழுதிய மேசையில் மீனவர் இல்லை.

டிசம்பர் 7 அன்று குழித்துறை ரயில் நிலையத்தில் ஆயிரக்கணக்கானோர் தண்டவாளத்தில் உட்கார்ந்தார்கள். காணாமல் போனவர்களைத் தேடு என்பது கோரிக்கை. எத்தனை பேர் காணவில்லை என்ற கணக்கே அரசாங்கத்திடம் சரியாக இல்லை. பங்குத் தேவாலயங்களில் வீடு வீடாகக் கேட்டு எழுதிய பட்டியல்தான் உருப்படியான கணக்காக இருந்தது. எந்தத் துறைமுகத்திலிருந்து எந்தப் படகு, அதில் யார் யார் என்று பதிவு செய்யாத நாட்டில் துணைக்கோள் வைத்துக்கொண்டு யாரைத் தேடுவது? ஒருவர் காணாமல் போனால் ஏழு ஆண்டுகள் கழித்துத்தான் இறந்ததாகக் கொள்ள சட்டம் இடம் தருகிறது. அந்தக் காத்திருப்பைத் தளர்த்தி, இரு மாநில அரசுகளும் குடும்பத்துக்கு 20 லட்சம் ரூபாய் அளவில் நிவாரணம் கொடுத்தன. நாடாளுமன்றத்தின் உள்துறை நிலைக்குழு 2018-ல் இதற்கென்றே ஓர் அறிக்கை தந்தது. செய்தவற்றை இல்லை என்று சொல்லக் கூடாது. ஆனால் இவை அனைத்தும் பிறகு செய்தவை.

செல்போன் எட்டாத இடம்

கரையிலிருந்து பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் தாண்டினால் செல்போன் சிக்னல் நின்றுவிடும். படகுக்குப் படகு பேசும் வயர்லெஸ் கருவிக்கும் எல்லை உண்டு. மீதம் இருப்பது சாட்டிலைட் போன். அதை நினைத்த மாத்திரத்தில் வாங்கிப் பையில் போட்டுக்கொள்ள இந்தியாவில் முடியாது. தொலைத்தொடர்புத் துறையின் அனுமதி வேண்டும். 2008 மும்பைத் தாக்குதலுக்கு வந்தவர்கள் கடல் வழியாக, சாட்டிலைட் போனோடு வந்தார்கள் என்பதால் கெடுபிடி இறுகியது. நாட்டின் பாதுகாப்பு முக்கியம், மறுக்க முடியாது. ஆனால் அந்தக் கெடுபிடியின் விலையை யார் கொடுத்தார்கள் என்பதையும் ஒரு கோப்பில் எழுதி வைக்க வேண்டும்.

ஒக்கிக்குப் பிறகு வழிகள் திறந்தன. 2019 அக்டோபரில் ஹைதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் என்ற கடல் தகவல் மையம் ‘ஜெமினி’ என்ற சிறு கருவியைக் கொண்டுவந்தது. இஸ்ரோவும் விமான நிலைய ஆணையமும் விமானங்களுக்கு வழிகாட்ட உருவாக்கிய ‘ககன்’ துணைக்கோள் அமைப்பின் வழியே செய்தி வரும். கருவி அதை ப்ளூடூத்தில் மீனவரின் செல்போனுக்குத் தரும். ஆகாய விமானத்துக்குப் போட்ட பாதையில் மீனவருக்கும் ஓரமாக இடம் கிடைத்தது. ஆனால் அது ஒருவழிப் பாதை. புயல் வருகிறது என்று அவருக்குத் தெரியும். ‘நான் மூழ்கிக்கொண்டிருக்கிறேன்’ என்று அவர் திருப்பிச் சொல்ல முடியாது.

2024 ஆகஸ்ட் 30 அன்று மகாராஷ்டிரத்தின் பால்கரில் பிரதமர் தொடங்கிவைத்த திட்டம் அந்தக் குறையைத் தீர்க்க வந்தது. இஸ்ரோ உருவாக்கிய இருவழி டிரான்ஸ்பாண்டர், ஒரு லட்சம் படகுகளுக்கு, 364 கோடி ரூபாயில். ஆபத்து என்றால் படகிலிருந்தே கரைக்குச் செய்தி அனுப்பலாம். சர்வதேச எல்லைக்கோட்டை நெருங்கினால் அதுவும் எச்சரிக்கும்.

அந்தக் கடைசி வசதியில்தான் சிக்கல். பாக் நீரிணையில் மீன்பிடிக்கும் ஒருவருக்கு அந்தக் கருவி காவலனாகவும் தெரியும், காவல்காரனாகவும் தெரியும். நான் எங்கே போகிறேன் என்பதை யார் பார்ப்பார்கள், அந்தப் பதிவை வைத்து நாளை என் படகின் உரிமத்தில் கை வைப்பார்களா, என் மானிய டீசலை நிறுத்துவார்களா? இந்தக் கேள்விக்கு எழுத்தில் பதில் கொடுக்காதவரை கருவியை அணைத்து வைக்கும் ஆசை இருக்கத்தான் செய்யும். உயிர் காக்கும் தகவலை வேறு எதற்கும் பயன்படுத்த மாட்டோம் என்று ஒரு விதி போடுவதற்குப் பொறியாளர் தேவையில்லை. இன்னொரு துணைக்கோளும் தேவையில்லை.

நம்பிக்கை எப்படி வரும் என்பதற்கும் இன்காய்ஸிடமே ஒரு உதாரணம் இருக்கிறது. கடல்பரப்பின் வெப்பத்தையும், தண்ணீரின் பச்சையத்தையும் துணைக்கோள் படத்தில் பார்த்து, மீன் திரளக்கூடிய இடம் இது என்று அவர்கள் பல ஆண்டுகளாக மீனவர்களுக்குச் சொல்லிவருகிறார்கள். நல்ல நாளில் மீன் இருக்கும் இடத்தைச் சொல்கிறவர், கெட்ட நாளில் ‘வராதே’ என்றாலும் காதில் ஏறும். பாம்பனில் ‘கடல் ஓசை’ 90.4 என்ற சமுதாய வானொலி மீனவர்களுக்காகவே நடக்கிறது. வாடை, கொண்டல், கச்சான், சோழகம் என்று காற்றைப் பேர் சொல்லிக் கூப்பிடுகிற மக்களிடம், நீவாடு என்ற கடல் நீரோட்டம் எந்தப் பக்கம் இழுக்கிறது என்று உடம்பால் அறிகிற மக்களிடம், அவர்கள் பேச்சிலேயே பேசினால் அறிவியல் குறைந்துபோகாது. வானிலை அறிக்கையை எழுதுபவர் வருடத்துக்கு ஒரு தடவையாவது அந்தப் படகில் ஏறிப் போய்வர வேண்டும் என்பேன். போகிறவர்கள் சிலர் இருப்பார்கள், விதியாகவே இருக்கட்டும்.

ஒடிசாவின் கணக்கு

வானத்திலிருந்து பார்ப்பது மட்டும் ஓர் உயிரையும் காப்பாற்றாது என்பதற்கு 1970 நவம்பரைவிடக் கொடூரமான சான்று கிடையாது. அன்றைய கிழக்குப் பாகிஸ்தானை போலா புயல் தாக்குவதற்கு முன் அமெரிக்க வானிலைத் துணைக்கோள் அதைப் படம் எடுத்திருந்தது. இறந்தவர்கள் மூன்று லட்சத்திலிருந்து ஐந்து லட்சம் வரை. ஒரு நாடே பிரிந்து போனதற்கு அந்தப் புயலைக் கையாண்ட விதம் மீதான கோபமும் ஒரு காரணம். புதிய வங்கதேசம் முதலில் செய்த வேலைகளில் ஒன்று, ஊர் ஊராகத் தன்னார்வலர்களைத் திரட்டியது. மெகாபோனும் கொடியுமாகத் தெருவில் ஓடுகிறவர்கள். புகலிடங்கள் எழும்ப எழும்பச் சாவு எண்ணிக்கை லட்சங்களிலிருந்து ஆயிரங்களுக்கும், பிறகு அதற்கும் கீழே இறங்கியது.

ஒடிசாவும் அப்படித்தான் கற்றது. 1999 அக்டோபர் 29 அன்று பாரதீப் அருகே கரையேறிய பெரும்புயல் ஏறக்குறைய பத்தாயிரம் பேரைக் கொன்றது. பெரும்பாலோர் ஜெகத்சிங்பூர் மாவட்டத்தில், கடல் உள்ளே புகுந்ததால் இறந்தவர்கள். புயல் வருவது தெரியாமல் இல்லை. ஓடிப்போய் ஏறி நிற்க இடம் இல்லை. புயல் புகலிடங்கள் இருபத்துச் சொச்சம்தான் இருந்தன. அந்த ஆண்டு முடிவதற்குள் பேரிடர் ஆணையம் ஒன்றை அமைத்தது ஒடிசா. நாடு முழுமைக்கும் பேரிடர் மேலாண்மைச் சட்டம் வர 2005 வரை ஆனது. அதற்கு சுனாமி வேண்டியிருந்தது.

2013 அக்டோபரில் கோபால்பூரில் பைலின் கரையேறியபோது ஏறக்குறைய பத்து லட்சம் பேர் முன்கூட்டியே வெளியேற்றப்பட்டிருந்தார்கள். இறந்தவர்கள் ஐம்பதைத் தொடவில்லை. 2019-ல் பானி வந்தபோது வெளியேறியவர்கள் பன்னிரண்டு லட்சம். இடையில் கணினியும் துணைக்கோளும் முன்னேறின, உண்மைதான். அதைவிட, கடலோரத்தில் எண்ணூறுக்கு மேற்பட்ட புகலிடங்கள் எழுந்தன. சாதாரண நாளில் பள்ளிக்கூடம், புயல் நாளில் அடைக்கலம். அதற்குச் செலவழிக்க வேண்டும் என்று வெயில் காயும் நாளில், ஓட்டு எதுவும் கிடைக்காத நாளில் ஒரு அரசு முடிவெடுத்தது. ஏழை மாநிலம் என்று நாம் அலட்சியமாகச் சொல்லும் ஒடிசாவைப் பார்த்து மற்ற மாநிலங்கள் வெட்கப்பட வேண்டிய விஷயம் இது.

95 சென்டிமீட்டர்

கடலை விட்டுக் கரைக்கு வந்தாலும் கதை இதுதான். 2023 டிசம்பர் 18 காலை வரையிலான 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் 95 சென்டிமீட்டர் மழை. தூத்துக்குடி மாவட்டத்தில் ஒரு வருடம் முழுக்கப் பெய்யும் சராசரியைவிட அதிகம். தாமிரபரணி ஊர்களுக்குள் புகுந்தது. ஸ்ரீவைகுண்டம் நிலையத்தில் செந்தூர் எக்ஸ்பிரஸ் பயணிகள் நூற்றுக்கணக்கில் நாட்கணக்காகச் சிக்கிக்கொண்டார்கள். டெல்லி, 12-ஆம் தேதியே எச்சரித்தோம் என்றது. சென்னை, இவ்வளவு மழை என்று சொல்லவில்லையே என்றது. ஒக்கி வழக்காடலின் மறுபதிப்பு.

இங்கும் இரு தரப்பும் பொய் சொல்லவில்லை. வானிலைத் துறையின் அளவுகோலில் 20 சென்டிமீட்டரைத் தாண்டினால் அதி கனமழை. அதற்கு மேல் படி கிடையாது. 21 சென்டிமீட்டரும் அதி கனமழை, 95 சென்டிமீட்டரும் அதி கனமழை. இருபத்தொன்றுக்குத் தெருவில் முழங்கால் தண்ணீர், தொண்ணூற்றைந்துக்குக் குளங்கள் உடைந்து ஊரே போகும். கலெக்டர் எந்த மழைக்குப் படகு அனுப்புவார்? இத்தனை சென்டிமீட்டர் வரும் என்று துல்லியமாகச் சொல்ல உலகில் எந்த வானிலை மையத்துக்கும் கடினம். அதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால், இவ்வளவு பெய்தால் இந்தக் குளம் உடையும், இந்தத் தெரு மூழ்கும் என்று கணக்குப் போடுவது மேகத்தைச் சார்ந்ததில்லை. ஏரியின் கொள்ளளவு, கரையின் வயது, ஆக்கிரமிப்பின் அளவு எல்லாம் தரையில் இருப்பவை. அவை பொதுப்பணித் துறையிலும் வருவாய்த் துறையிலும் உள்ளாட்சியிலும் தனித்தனிக் கோப்புகளாகக் கிடக்கின்றன. வானிலைக்காரரின் வரைபடமும் அந்தக் கோப்புகளும் ஒரே மேசையில் சந்திப்பது மழை பெய்த பிறகு நடக்கும் ஆய்வுக் கூட்டத்தில்தான்.

பணம் வராமல் இல்லை. 2024 செப்டம்பரில் ‘மிஷன் மௌசம்’ என்ற பெயரில் 2,000 கோடி ரூபாய்க்கு மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. 2025 மே மாதம் புனேயின் வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனம் 6 கிலோமீட்டர் துல்லியத்தில் கணிக்கும் புதிய மாதிரியைக் கொண்டுவந்தது. ரேடார்களும் வேகமான கணினிகளும் வரும். வரட்டும். ஆனால் அந்தக் கணிப்பைக் கையில் வாங்கி ‘இந்தத் தெருக்காரர்கள் இன்று மாலைக்குள் கிளம்புங்கள்’ என்று சொல்ல வேண்டிய வி.ஏ.ஓ.வுக்கும் மீன்வளத் துறை ஆய்வாளருக்கும் இதில் என்ன ஒதுக்கீடு, என்ன பயிற்சி, எத்தனை காலியிடம்?

அந்தக் கடைசி ஆள்வரை செய்தி சேராவிட்டால் என்ன ஆகும் என்பதை சுனாமியில் பார்த்தோம். 2004 டிசம்பர் 26 காலை 6.28-க்குச் சுமத்ராவில் பூமி நடுங்கியது. அலை தமிழகக் கரைக்கு வர இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆனது. எச்சரிக்கைத் தொலைநகல் ஒன்று பதவியில் இல்லாத முன்னாள் அமைச்சருக்குப் போனதாக அப்போது செய்தி வந்தது. நாகை மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோர் போனார்கள். 2007 அக்டோபரில் சுனாமி எச்சரிக்கை மையம் வந்தது. 2012 ஏப்ரல் 11 அன்று அதே சுமத்ராப் பக்கம் 8.6 அளவில் நடுங்கியபோது எட்டே நிமிடங்களில் அது முதல் அறிவிப்பைக் கொடுத்தது. எட்டு நிமிடம் என்பது உலகத்தரம். அதற்குப் பிறகு நம் கடற்கரைக் குப்பத்தில் சைரன் ஒலிக்க எத்தனை நிமிடம் என்பதுதான் நாம் அளக்க வேண்டியது. ஒடிசாவின் வெங்கட்ராய்பூர், நோலியாசாகி என்ற இரண்டு கிராமங்கள் அதை ஒத்திகை பார்த்துப் பார்த்து, 2020-ல் யுனெஸ்கோ அமைப்பிடமிருந்து ‘சுனாமிக்குத் தயார்’ என்ற அங்கீகாரம் வாங்கின.

பேரிடர் மேலாண்மைச் சட்டப்படி ஒவ்வொரு மாவட்டத்துக்கும் ஒரு திட்டம் இருந்தாக வேண்டும். உங்கள் ஊரின் புகலிடம் எது, அதன் சாவி யாரிடம், படகு எங்கிருந்து வரும், எந்த அதிகாரியின் எண்ணை அழைக்க வேண்டும் என்று அதில் எழுதியிருக்க வேண்டும். அது ரகசிய ஆவணம் கிடையாது. வடகிழக்குப் பருவமழைக்கு முன் வரும் கிராமசபையில் எழுந்து அதைக் கேளுங்கள். சாவி வைத்திருப்பவர் இன்னும் அந்த ஊரில்தான் இருக்கிறாரா என்றும் கேளுங்கள். மீனவ ஊராக இருந்தால், கடலுக்குப் போயிருக்கும் படகுகளின் பட்டியல் இன்றைய தேதியில் யாரிடம் இருக்கிறது என்று கேட்டு, பதில் வரும்வரை உட்காராதீர்கள்.